காற்று புகாத கார்

தையல்காரருக்கு அந்தப் பழைய காரின் மேல் உயிர். அவர் மனைவிக்கோ அதில் ஏறினாலே காதுவலி. கதவோரத்து ரப்பர் பட்டைகள் காய்ந்து விறைத்துப்போய், சந்துகளில் காற்று விசிலடித்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. போய்ச் சேர அரை நாள் பயணம். ரப்பரைச் சரிபண்ணாவிட்டால் பஸ்ஸில் போய்க்கொள்வதாக மனைவி சொல்லிவிட்டாள்.

புது ரப்பர் எந்தக் கடையிலும் இல்லை. கதவுப் பட்டைகளைக் கிழியாமல் உரித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினார். கிளிசரின் தொட்டுத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டைகள் வளைந்துகொடுத்தன. திரும்ப ஒட்டி, ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். இழுத்தால் வரவில்லை. டிக்கி ரப்பரும் கட்டைபோலத்தான் கிடந்தது. அங்கே யார் உட்காரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

புறப்பட்ட அன்று அவள் பின்சீட்டில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். காதில் காற்றே படவில்லை என்று மெச்சினாள். சிகரெட்டுக்காக அவர் தன் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தார். பாதி வழியில் அவள் தலை கனக்கிறது என்றாள்.

"பேரனைப் பாக்கப்போற குஷியில ராத்திரி நீ எங்க தூங்கின? கொஞ்சம் படு, சரியாயிடும்."

அவளும் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

மகள் வீட்டு வாசலில் எவ்வளவு உலுக்கியும் அவள் எழவில்லை. உதடுகள் மட்டும் என்றுமில்லாத சிவப்பாக இருந்தன. விஷப்புகை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

காரியங்கள் முடிந்தபின் மருமகன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அடியில் புகைக்குழாய் வெடித்திருந்தது. டிக்கி இடைவெளியில் ஏறிய புகை பின்சீட்டுக்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் கதவுச் சந்துக் காற்று அதைக் கலைத்துவிட்டிருக்கும் என்றார் மெக்கானிக். தையல்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மகள் அவரைக் குறை சொல்லவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

மருமகன்தான் தயங்கித் தயங்கி வந்தான். "மாமா, வண்டியக் கேட்டு ஒருத்தர் வந்திருக்காரு. குழாய மாத்திட்டா நல்லா ஓடுமாம். குடுத்துரலாமா?"

"வேண்டாம் மாப்ள. பின்னாடி யாராவது உக்காருவாங்க."

பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வாசலிலேயே காரை உடைத்து, துண்டு துண்டாக லாரியில் ஏற்றினார்கள். அவர் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். சத்தத்தில் உள்ளே குழந்தை வீறிட்டது. மகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள வாங்கப்பா."

"எல்லாத்தையும் ஏத்திடட்டும்மா" என்றார்.