கழன்று வந்த அன்னப்பட்சி

நடேஷின் தொழில், கூப்பிடாத கல்யாணங்களுக்குப் போவது. பெண் வீட்டார் விசாரித்தால் 'மாப்பிள்ளை வீடு' என்பான். மாப்பிள்ளை வீட்டாரிடம் 'பெண் வீடு'. வயிறாரச் சாப்பிட்டு, மணமக்களை வாழ்த்தி, கைக்கு அகப்பட்ட பித்தளையோ வெள்ளியோ எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவான்.

நெல்லிக்குப்பத்தில்தான் சறுக்கியது. அங்கே மாப்பிள்ளை கட்டியது சொந்த அக்கா மகளை. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம். எந்த வீடு என்று சொல்லியும் தப்ப முடியவில்லை.

கடலூர் ஜெயில். புதிதாக வருகிறவனுக்குக் கக்கூஸ் ஓரம்தான் படுக்கை. ஃபேனுக்கு நேர் கீழே புவனகிரி சிலம்பரசன். அந்த அறையில் யார் எங்கே படுப்பது என்பதெல்லாம் அவன் கண்ணசைவில்.

"என்னா கேஸு?" என்றான் சிலம்பரசன்.

"அடிதடிண்ணே." திருட்டு என்றால் மதிப்பிருக்காதே!

சிலம்பரசன் அவனுடைய குச்சிக் கையைப் பார்த்தான். "அடிச்சியா, வாங்குனியா?"

அறையே சிரித்தது. நடேஷும் சேர்ந்து சிரித்தான். மறுநாளே கைவந்த வித்தையில் இறங்கினான். மங்கலம்பேட்டை ஆள் ஒருவர் அவனுக்கு மாமா ஆனார். இன்னொருவர் பெரியப்பா. உறவு கூடக் கூட, பாய் கக்கூஸிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஜன்னல் வரை வந்துவிட்டது. பாக்கி, ஃபேன்.

காலைக் கஞ்சியோடு சிலம்பரசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"புவனகிரியில நமக்குச் சொந்தம் ஜாஸ்திண்ணே. நீங்க எப்படி இங்க?"

"என் தம்பி கல்யாணம்டா. சிதம்பரத்துல மண்டபம். குத்துவிளக்கு ஒண்ணு காணாப்போச்சு. பொண்ணோட தாய்மாமன் எங்களத் திருட்டுக் கும்பல்னான். விட்டேன் ஒண்ணு. நான் இங்க. தம்பி பொண்டாட்டி இளவரசி அவ அம்மா வூட்டுல."

நடேஷ் கஞ்சித் தட்டுக்குள் குனிந்துகொண்டான். அந்த விளக்கை அவனுக்கு நன்றாகவே தெரியும். வாயை மூடியிருக்கலாம். ஆனால் தலைக்கு மேலே ஃபேன் ஜிலுஜிலுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அட, அந்தக் கல்யாணத்துல நானும் இருந்தேன் மச்சான்!"

"எந்தப் பக்கம்?"

"பொண்ணு வூடு." பழக்க தோஷம்.

சிலம்பரசனின் கஞ்சித் தட்டு கீழே இறங்கியது. "அப்ப நீயும் எங்களத் திருடன்னவன்தான?"

"ஐயோ மச்சான்! மாப்ள வூட்டுக்காரங்க எடுத்திருக்கவே மாட்டாங்கன்னு அன்னைக்கே சொன்னேன். அந்த விளக்கத் தூக்குனா மேல இருக்கற அன்னப்பட்சி தனியா கழண்டு வந்துரும். மரை தேஞ்சுபோச்சு. புடவை சுத்தித்தான் கொண்டு போவணும். கல்யாண வேலையில இருக்கறவுங்களுக்கு அதுக்கேது நேரம்?"

சிலம்பரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பட்சி கழண்டது உனக்கு எப்படிறா தெரியும்?"

மங்கலம்பேட்டை மாமா சத்தமில்லாமல் எழுந்தார். நடேஷின் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கக்கூஸ் ஓரமே போட்டார்.

சிலம்பரசன் கையை ஓங்கினான். நடேஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை.

"கோர்ட்டுல சொல்றியா?"

"சொன்னா எனக்கு இன்னொரு கேஸு மச்சான்."

"சொல்லலன்னா எனக்கு இன்னொரு கேஸு."

நடேஷ் சொன்னான். பட்சி உட்பட ஒன்றுவிடாமல் சொன்னான். தாய்மாமன் இறங்கி வந்து சமாதானம் பேசினார். இளவரசி புவனகிரிக்குத் திரும்பினாள். சிலம்பரசனுக்கு ஜாமீன். கிளம்பும்போது அவனே அந்தப் பாயை எடுத்து ஃபேனுக்குக் கீழே விரித்தான். "இவன் நம்ம ஆளு. எவனும் கை வெக்கக் கூடாது."

கொஞ்ச நாள் கழித்து, கைதிகளைப் பார்க்கும் இடத்தில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிலம்பரசன் நின்றான்.

"இளவரசி முழுகாம இருக்கு. புள்ளைக்குப் பேர் வெக்கறப்போ நீ வெளிய வந்துருவ. கண்டிப்பா வரணும்."

அத்தனை பந்தியில் சாப்பிட்டவனுக்கு இதுதான் முதல் அழைப்பு. நடேஷ் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டா எந்த வூடுன்னு சொல்றது மச்சான்?"

"எவனும் கேக்க மாட்டான். ரெண்டு வூட்டுக்கும் உன் மூஞ்சி தெரியும். கை ரெண்டையும் பைக்குள்ளயே வெச்சுக்க. சோத்த நாங்களே ஊட்டி உடுறோம்."