இரவல் சோபாவும் அஸ்வெசுமவும்

எங்கள் வீட்டு சோபா என்னைவிட அதிகமாக வெளியே போய் வந்திருக்கிறது. கட்டாரில் இருக்கும் என் கணவர் றம்ஸி வெயிலில் காய்ந்து அனுப்பிய காசில் வாங்கியது. அதில் நான் சாய்ந்து உட்கார்ந்ததைவிட, பக்கத்து வீட்டு சுசீலாதேவி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததுதான் அதிகம். இரவல் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. உக்குவளையில் எங்கள் ரோட்டில் யார் வீட்டுக்கு விசேஷத்துக்கு ஆட்கள் வந்தாலும், இருக்கிற வீட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்குப் போகும். நோன்புக் கஞ்சி காய்ச்ச நானும் சுசீலாக்காவின் பெரிய அண்டாவைத்தான் எடுப்பேன். என் எரிச்சல் எல்லாம் அக்காவின் வாயின் மேல். திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காது.

மாப்பிள்ளை கிஷாந்தின் வீட்டார் ரத்தோட்டையிலிருந்து அக்காவின் மகள் வினோஜாவை முதன்முதலாகப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, என் சோபா, டீவி, சின்ன ப்ரிஜ் மூன்றையும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம். வந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அஸ்வெசும கணக்கெடுக்க ஒரு பெண் வந்து நின்றாள். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் பணம் அது. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள்; சாமான் கூடினால் பணம் இல்லை.

"டீவி உங்களோடதா?" என்று அவள் கேட்க, அக்கா மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சோபாவுக்கும் ஆட்டினார். ப்ரிஜ்ஜுக்கும் ஆட்டினார். குசினியில் நின்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பெயர்ப் பட்டியல் வந்தபோது இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுகிற விதவையான அக்காவுக்கு அஸ்வெசும இல்லை. இரண்டு மாடி வீட்டுக்காரர் ஒருவருக்கு இருந்தது. அது வேறு கதை, பேசினால் எனக்கு இரத்தம் கொதிக்கும்.

கல்யாணம் பேசி முடிந்தது. தை மாதம் என்றார்கள். ஆனால் வினோஜா பிடிவாதமாக நின்றாள். மாத்தளையில் ஒரு பாமசியில் மருந்து விற்கும் வேலை செய்கிறாள். வீடு ஓடுவது அவளுடைய சம்பளத்தில்தான்.

"நான் போயிட்டா அம்மா எத வச்சுச் சாப்புடுவாங்க ஜெஸ்லாக்கா? அந்தக் காசு வந்தாத்தான் நான் கழுத்த நீட்டுவேன். இல்லன்னா கல்யாணமே வேணாம்."

"கிஷாந்துக்கிட்ட சொல்லேன், மாசம் ஏதாச்சும் குடுப்பாரு."

"மருமகன்கிட்ட கை நீட்டுறதுக்கு அம்மா சம்மதிப்பாங்களா?"

சம்மதிக்க மாட்டார். அதனால் நானே அக்காவை இழுத்துக்கொண்டு போய் மேன்முறையீடு கொடுக்க வைத்தேன். திரும்பவும் வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிறு காலையில் வருவோம் என்று பிரதேச செயலகத்திலிருந்து சொன்னார்கள். அன்றைக்கு அக்காவின் முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் சுருட்டி வைத்த ஒரு பாயும்தான். நானே நேரில் போய்ப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

காலையில் வருவதாகச் சொன்னவர் வெயில் ஏறியும் வரவில்லை. வந்தது சம்பந்தியம்மாவின் போன். கிஷாந்தின் அம்மா, பெயர் கமலேஸ்வரி, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாள் குறித்த கடுதாசியோடு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாராம்.

"ஜெஸ்லா, சோபா!" என்று அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"உங்களுக்குப் பைத்தியமா? கணக்கெடுக்கிறவரு இப்ப வந்து நிப்பாரு!"

"அவரு இனி வர மாட்டாரு. சம்பந்தியம்மாவ பாயிலயா உக்கார வைக்கிறது? ஒன்னக் கும்புட்டுக் கேக்கிறேன்."

திட்டிக்கொண்டே தூக்கினேன். வேறென்ன செய்ய? என் தம்பி றிஷாத்தும் திட்டிக்கொண்டே டீவியையும் ப்ரிஜ்ஜையும் தூக்கினான். சம்பந்தியம்மா வந்து, சோபாவில் அமர்ந்து, முகத்தைத் துடைத்து முடிக்கவில்லை, வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

உத்தியோகத்தர் இளவயதுக்காரர். உள்ளே வந்து, சோபாவைப் பார்த்து, டீவியைப் பார்த்து, ப்ரிஜ்ஜைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என்னம்மா, ஒண்ணும் இல்லன்னுதானே மேன்முறையீடு குடுத்திருக்கீங்க? இதெல்லாம் யாரோடது?"

அக்கா சம்பந்தியம்மாவைப் பார்த்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் தலையை ஆட்டினால் அண்டாவை எடுத்து அவர் தலையில் கவிழ்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். குசினிப் பக்கம் தேநீர்த் தட்டோடு வினோஜா நின்றாள். அக்கா அவளையும் ஒருமுறை பார்த்தார்.

"எங்களோடது இல்லைங்க சேர்," என்றார். "எல்லாமே இரவல். அன்னைக்கும் இரவல்தான். வெக்கத்துல பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது எங்கட சாமான் சேர்," என்று நான் முன்னால் போனேன்.

உத்தியோகத்தர் சிரித்தார். "எல்லா வீட்லயும் இதத்தான் சொல்றாங்க. நேத்து ஒரு வீட்ல ஒண்ணுமே இல்ல, பக்கத்து வீட்ல ரெண்டு ப்ரிஜ். நான் எத நம்புறது, சொல்லுங்க?"

அப்போது சம்பந்தியம்மா எழுந்தார். நேரே ப்ரிஜ்ஜிடம் போய், அதன் கதவில் தொங்கிய மாரியம்மன் கலண்டரைத் தூக்கிப் பிடித்தார். அடியில் நான் ஒட்டிய பிஸ்மில்லாஹ் ஸ்டிக்கர் பளபளத்தது. அதை மறைக்கத்தான் அக்கா ஒவ்வொரு முறையும் கலண்டரை மாட்டுவார்.

"இந்த வீட்ல விபூதித் தட்டு இருக்கு, சாமிப் படம் இருக்கு. இத யாரு சேர் ஒட்டியிருப்பா?" என்றார் சம்பந்தியம்மா. "நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே காத்துல கலண்டர் பறந்துச்சு. அன்னைக்கே கண்டுட்டேன்."

"கண்டுட்டீங்களா?" என்றார் அக்கா.

"கண்டேன். சொன்னா நீங்க கூசிப் போவீங்கன்னு பேசாம இருந்தேன். பொண்ணு மட்டும் இரவல் இல்லதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. சம்பந்தியம்மா சுருட்டி வைத்திருந்த பாயைத் தானே விரித்து அதில் உட்கார்ந்துகொண்டார்.

உத்தியோகத்தர் கையிலிருந்த டெப் கணினியைத் திறந்து முதலிலிருந்து கேட்டார். டீவி? இல்ல சேர். ப்ரிஜ்? இல்ல சேர். வாகனம்? இல்ல. காணி? இல்ல. முதலில் முணுமுணுத்த அக்காவின் குரல் போகப் போகத் தெளிந்தது. கடைசியில் 'இல்ல' என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். இத்தனை காலம் இந்த மனுசி இந்த ஒரு வார்த்தைக்கா பயந்து கிடந்தார் என்று எனக்குக் கோபமும் பாவமும் சேர்ந்து வந்தது.

"இப்படின்னா புள்ளி சரியா வரும். கிடைக்கும்மா, பயப்படாதீங்க," என்றார் உத்தியோகத்தர். "கடைசியா ஒண்ணு. வீட்ல எத்தன பேரு?"

அக்கா வாயைத் திறந்தார். வினோஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு பேரு சேர்," என்றார். "தையில இருந்து நான் ஒருத்திதான்."

வினோஜா தேநீர்த் தட்டைத் தரையில் வைத்தாள். மாமியார் பார்க்கிறாரே, வெளியாள் இருக்கிறாரே என்று எதையும் யோசிக்கவில்லை. ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். அக்காவும் அழுதார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உத்தியோகத்தர் டெப்பில் விரலை வைத்தார்.

"இப்போதைக்கு ரெண்டுன்னே போடுறேம்மா," என்றார்.