என் குட்டி, அவர் குட்டி

நாய்க்குட்டி வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் மறுநாள் சரி என்றார். இரண்டையும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. நான் போனில் குரல் செய்தி அனுப்பினேன், அவரும் அப்படியே பதில் அனுப்பினார்.

நான் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவிலிருந்து கிளம்பும் முதல் பஸ் என்னுடையது. மதியம் நான் வீடு திரும்பும்போது அவர் ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். ரத்தம் பரிசோதிக்கிற வேலை, மாலை ஷிஃப்ட். ஒரு கை சட்டைப் பொத்தானைப் போடும், இன்னொரு கை சாப்பாட்டு டப்பாவைத் தேடும். "வந்துட்டியா, நான் ஓடறேன்" என்று படியிறங்குவார். அவர் திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். நான் எழுந்து போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வார லீவும் ஆளுக்கொரு நாள். அவர் லீவில் அவர் தன் அம்மாவைப் பார்க்கப் போவார், என் லீவில் நான் தூங்கித் தீர்ப்பேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டையே போட்டதில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். சண்டை போட எதிரில் ஆள் இருக்க வேண்டாமா?

ஆகவே குரல் செய்திகள்தான் எங்கள் குடும்பம். அவர் அனுப்புவதை, பஸ்ஸை எடுக்குமுன் கிடைக்கிற இடைவெளியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். கேஸ் புக் பண்ணிட்டேன், குழாய் ஒழுகுது, அம்மாவுக்குக் கால் வலி, எல்லாம் மடமடவென்று வந்து விழும். அவரும் என்னுடையதை அப்படித்தான் கேட்கிறாராம்.

நாய்க்குட்டி என்றதும் டிப்போவில் என் கண்டக்டர் சிரித்தார். "நீங்க ரெண்டு பேருமே ஓடிக்கிட்டே இருக்கீங்க. அது யாரைப் பார்த்து வாலாட்டும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் இல்லாதப்ப அவர் இருக்கார், அவர் இல்லாதப்ப நான் இருக்கேன். வேலை நாள்ல எங்க வீட்டைப் பூட்டறதே கிடையாது. ஊர்ல எந்த நாய்க்குக் கிடைக்கும் இந்த வசதி?" என்று வாயை அடைத்தேன். கணக்குப்படி சரிதான். அந்த நேரப் பொருத்தத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆனால் நான் குட்டி கேட்டது அந்தக் கணக்குக்காக இல்லை. அவர் படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்துவேனே, அப்போது வீட்டுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் போய் குரல் செய்தியில் சொல்ல முடியுமா?

எங்கள் தெருமுனையில் லாண்டிரி வைத்திருக்கும் அக்காவின் நாய் குட்டி போட்டிருந்தது. கடையின் பின்னறையில், இஸ்திரிச் சூடு படும் இடத்தில், பழைய துண்டு விரித்த தொட்டிக்குள் ஐந்து குட்டிகள். ஐந்தும் ஒரே பழுப்பு. எது எதென்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

அக்கா ஒரே ஒரு விஷயத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். "வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா வந்து பார்த்துத்தான் தூக்கிட்டுப் போகணும். போன தடவை ஒரு அம்மா ஆசையா வாங்கிட்டுப் போச்சு. ரெண்டு நாள்ல அவங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுட்டாரு, யாரைக் கேட்டு வாங்கினேன்னு சண்டையாம். அது திரும்பி வந்து பாலே குடிக்கல. என்னால அதைப் பார்க்க முடியல."

"ஒண்ணா வர்றதுதான் கஷ்டம்க்கா. முதல்ல ஆளுக்கொரு தடவை பார்த்துக்கறோம்" என்றேன்.

"பார்க்கறதுக்கு என்ன, தாராளமா பாருங்க."

நான் வேலை முடிந்து யூனிஃபார்மோடு போனேன். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று மட்டும் தள்ளாடி எழுந்து வந்து, என் மடியில் முகத்தைப் புதைத்து அப்படியே தூங்கிவிட்டது. விடிகாலையிலிருந்து ஹாரன் கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோன எனக்கு அந்தக் குட்டி மூச்சு விடுகிற சத்தம் சுகமாக இருந்தது. மறுநாளும் போனேன். அதே குட்டி, அதே தூக்கம். 'இவன்தான் நம்ம குட்டி. தங்கக் கம்பி. இருக்கிற இடம் தெரியாது' என்று செய்தி அனுப்பினேன்.

அவர் காலையில் போய்ப் பார்த்துவிட்டு அனுப்பிய பதில் ஒன்றரை வேகத்தில் துள்ளியது. 'நான் வேற ஒருத்தனைப் பார்த்து வச்சிருக்கேன். ஷூ லேஸைக் கடிச்சு இழுத்துக்கிட்டு கடையைச் சுத்தறான். அவன்தான் வேணும். நீ சொல்ற தூங்குமூஞ்சி எதுக்கு?'

எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டில் ஓடுகிற ஆள் ஒருவர் போதாதா? ஒரு வாரம் இதே வழக்கு. நான் அனுப்பிய படத்தில் பழுப்பாக ஓர் உருண்டை. அவர் அனுப்பிய படத்தில் ஓடுகிற வேகத்தில் கலங்கிய பழுப்பாக ஓர் இழுப்பு. அக்காவிடம் நியாயம் கேட்டால், அவள் துணியைத் தேய்த்தபடி, "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க, சொல்றேன்" என்று சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குள் இரண்டு குட்டிகள் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த மூன்றையும் வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்றாள் அக்கா. மறுநாள் லேபுக்குத் தாமதமாகப் போக அவரை அனுமதி வாங்கச் சொன்னேன். டிப்போவிலிருந்து நேராக ஓடினேன். கடை வாசலில் அவர் நின்றிருந்தார், அவசரமே இல்லாமல்.

பின்னறையில் மூன்றும் தூங்கிக்கொண்டிருந்தன. நான் போய் உட்கார்ந்ததும் என்னுடையவன் எழுந்து வந்து மடியில் சுருண்டான். "பார்த்தீங்களா" என்றேன். அவர் மற்ற இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்னோடவன் இல்லையே. அவனை யாருக்கோ குடுத்துட்டாங்க போல" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"தம்பி, அந்த அம்மா மடியில இருக்கிறவனைத் திருப்பிப் பாருங்க" என்றாள் அக்கா.

திருப்பினார். தாடைக்குக் கீழே நகத்தளவு வெள்ளைப் புள்ளி. குப்புறத் தூங்கும் குட்டியிடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"இவன்தான்" என்றார் அவர். "என் கையில மல்லாந்து விழுந்து விளையாடுவான். இந்தப் புள்ளி இவனோடதுதான்."

"காலையில பூரா ஆடித் தீர்க்கறான், மதியம் அடிச்சுப் போட்டாப்ல தூங்கறான். இதுக்குப் போய் ஒரு வாரமா ரெண்டு பேரும் என்கிட்ட வழக்குக்கு வந்தீங்க" என்று அக்கா சிரித்துவிட்டு, வாடிக்கையாளர் குரல் கேட்டு முன்பக்கம் போனாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றார். நிறுத்தினார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடி தொடர்ந்தார். "நான் வரும்போதெல்லாம் நீ தூங்கிட்டிருக்கே. வீட்டுல ஏதாவது ஒண்ணு முழிச்சிருந்து ஓடினா நல்லாருக்குமேன்னுதான்..." அதோடு விட்டுவிட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் இந்த மெதுவான பேச்சுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் இவ்வளவு நாளும் ஒன்றரை வேகத்தில் விரட்டியிருக்கிறேன்.

"நான் பார்க்கறப்பல்லாம் நீங்க ஓடிட்டிருக்கீங்க. அதான் நான் தூங்கறவனைக் கேட்டேன்" என்றேன்.

குட்டி மடியில் கிடந்தது. எங்கள் கணக்குப்படி அதற்கு எப்போதும் ஓர் ஆள் உண்டு. இரண்டு பேரும் ஒன்றாக ஒருபோதும் கிடையாது.

"இப்படி இவனைக் கொண்டுபோக வேண்டாம்" என்றேன். "நம்மள மாதிரியே பாதி பாதியா வளருவான்."

அவர் குட்டியின் காதை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. "நான் பகல் ஷிஃப்ட்டுக்கு மாறிக்கறேன்" என்றார்.

பகல் ஷிஃப்ட்டில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற மேலதிகாரி உண்டு. அதற்குப் பயந்தே மாலையில் ஒதுங்கியவர் அவர். ஆகவே நானும் சொன்னேன், "நான் முதல் பஸ்ஸை விட்டுடறேன். ரெண்டாவது வண்டி எடுத்தா சாயங்காலம் கொஞ்ச நேரம் முழிச்சிருக்கலாம்." காலியான சாலையில் முதல் பஸ் ஓட்டுவது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப காலையில இவன் தனியா இருப்பானே" என்றார் கொஞ்சம் கழித்து. எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது.

முன்பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. "காலையில இங்க விட்டுட்டுப் போங்க தம்பி. ஆடறதுக்கு அவன் அம்மா இருக்கா. மதியம் தூங்கறதுக்கு உங்க வீட்டம்மா வந்து தூக்கிட்டுப் போகட்டும்." எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஷிஃப்ட் மாற ஒரு மாதம் இழுத்தது. அதுவரை அக்கா குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

நேற்று நான் குட்டியைத் தூக்கி வந்து, இரண்டு பேருமாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தோம். சாயங்காலம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. இறங்குகிற சத்தம் இல்லை, ஏறுகிற சத்தம். குட்டி கதவுக்கு ஓடியது, பின்னாலேயே நானும் போனேன். அவர் உள்ளே வந்து, லேஸைக் கடிக்கிறவனைக் கையில் எடுத்துக்கொண்டு, லேபில் அந்த மேலதிகாரி என்ன செய்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்தில் முடிய வேண்டிய விஷயம். நான் கதவைக்கூடச் சாத்தாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டேன்.