இரண்டாவது அடுப்பு

எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு இரண்டு வருஷம் மயிலாப்பூர் வீட்டில் சும்மா இருந்தேன். "சோஷியாலஜி படிச்சுட்டு ஆத்துல உட்காந்துண்டிருக்கா" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

1996இல் ஒரு வேலை கிடைத்தது. திருவான்மியூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தைக் காலி செய்து, குடும்பத்துக்கு ஒரு வீடு வேறிடத்தில் தரப்போகிறார்கள். அதற்குக் கணக்கெடுக்க வேண்டும். ஆய்வேட்டுக்காக அதே குப்பத்தில் ஆறு மாதம் சுற்றியவள் என்றுதான் என்னை எடுத்தார்கள். ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம். வகுப்பில் நான் மனப்பாடம் செய்த அதே வரையறை.

மீன் விற்கும் கோவிந்தம்மா வீட்டில் ஏழு பேர். அவள், புருஷன், மகன் வேலு, மருமகள், மூன்று குழந்தைகள். மூலையில் திரி கருகாத புது மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது.

"ரெண்டு அடுப்பு கீது, பாத்துக்கினியா கண்ணு? வேலு தனி, நாங்க தனி. எய்திக்கோ."

யாரைப் பார்த்துக் கதை விடுகிறாள்? அந்தப் பழைய அடுப்பில் வெந்த சோற்றை நானும் தின்றவள். ஆனாலும் ஏழு பேரை ஒரே அறையில் அடைக்க மனம் வரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா? 'இரண்டு' என்று எழுதினேன்.

மறுவாரம் அடையாறு அலுவலகத்தில் விசாரணை. குடியிருப்புக்கு அத்தாட்சி கேட்டார் அதிகாரி சுப்பராமன். ரேஷன் கார்டு மழையில் போய்விட்டது என்ற கோவிந்தம்மா, பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்து நீட்டினாள். என் ஆய்வேடு. நன்றியுரையில் அவள் பெயர் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டு நான்தான் கொடுத்திருந்தேன்.

சுப்பராமன் நிதானமாகப் புரட்டினார். எந்தப் பக்கத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். 'மகனுக்குக் கல்யாணமான பின்னும் கோவிந்தம்மா வீட்டில் ஒரே அடுப்புதான்.' பேராசிரியர் ஓரத்தில் 'அருமை' என்று எழுதிய வரி.

"இதுல எழுதியிருக்கிறது உண்மைதானாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

ஆய்வேடு பொய் என்று சொன்னால், அதை நம்பிக் கொடுத்த என் வேலை போகும். போகட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதற்குள் கோவிந்தம்மா முந்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு பொய் எய்தாது சார். அதுல இன்னா கீதோ அதான் நெசம்."

அவர் 'இரண்டு' என்பதை அடித்து 'ஒன்று' என்று எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்ததும் கோவிந்தம்மா அந்தக் கட்டைப் பத்திரமாகப் பையில் சுருட்டி வைத்தாள்.

"உன் புக்கு இல்லாங்காட்டி ரெண்டு அடுப்புன்னு நம்பியிருக்கவே மாட்டாரு, கண்ணு" என்றாள்.