பதினெட்டு கொக்கிகள்

ஏரிக்கரையில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடும் அந்தக் கடையில் ஆளை எண்ணுகிற வழக்கம் கிடையாது; லைஃப் ஜாக்கெட்டைத்தான் எண்ணுவார்கள். சுவரில் பதினெட்டு கொக்கிகள். சாயங்காலம் பதினெட்டிலும் ஜாக்கெட் ஈரம் சொட்டத் தொங்கினால் எல்லாரும் கரையேறியாச்சு என்று அர்த்தம். ஜாக்கெட் இல்லாமல் யாரையும் தண்ணீரில் விடுவதில்லையே, அப்புறம் ஆளை வேறு எதற்கு எண்ணுவது? இந்தப் புத்திசாலித்தனமான ஏற்பாடு அக்காவுடையது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கடையைப் பார்த்துக்கொள்வது அக்கா. தண்ணீரில் ஆட்களைக் கூட்டிப்போவது தம்பி.

போன மாதம் ஒரு ஆபீஸ் கும்பல் பதினெட்டுப் பேர் வரலாமா என்று கேட்டபோது, தாராளமா வாங்க என்றாள். பதினெட்டில் ஒன்று தம்பி போட்டுக்கொள்வது என்பது அந்த நேரத்தில் அவள் மண்டையில் உறைக்கவில்லை.

அவர்கள் வந்த அன்று தம்பி தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கடைசி ஆளுக்கு மாட்டிவிட்டான். "நான் கரையோரமாவே வரேன்க்கா" என்றான். போனைக் காதில் வைத்திருந்தவள், சரி போ என்று கையை ஆட்டினாள்.

சாயங்காலம் கரை திரும்பியவர்கள் சிரித்துப் பேசி, ஜாக்கெட்டுகளை மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பதினெட்டும் இருந்தன. தம்பி பின்பக்கம் கயாக்குகளை அடுக்குகிறான் என்று நினைத்து, லைட்டை அணைத்து, கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். யாரோ தவறவிட்ட துடுப்பை எடுக்க அவன் நடு ஏரிக்குத் திரும்பியிருந்தான். காற்று கயாக்கைக் கவிழ்த்துவிட்டது. ஆளைக் காணோம் என்று அவன் மனைவி போன் செய்து, மீட்புப் படகு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பயிற்சி கொடுக்கிறவனே ஜாக்கெட் போடாமல் போனானே, என்ன திமிர் என்று ஊரே பேசியது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

இன்று தம்பியின் மனைவி அவன் துணிமணிகளை எடுத்துப்போகக் கடைக்கு வந்தாள். அலமாரியிலிருந்த அவன் சட்டையை மடிக்காமல் பையில் திணித்தாள்.

"ஊருக்கெல்லாம் போடு போடுன்னு சொல்லிட்டு, தான் போடலையே அண்ணி. ஒரு நிமிஷம் என்னை நினைச்சிருந்தா போட்டிருப்பாரு. அழுகையே வரல எனக்கு. கோபம்தான் வருது."

இதற்குமேல் மறைத்தால் தம்பியை இரண்டாம் தடவை தண்ணீரில் விட்டதாகிவிடும். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ஆள் கூடுதலாகச் சேர்த்தது, கையை ஆட்டியது, பூட்டிவிட்டுப் போனது. எதையும் விடவில்லை.

திட்டுவாள், அறைவாள், அறைந்தால் தேவலை என்று காத்திருந்தாள். அவளோ பையிலிருந்து சட்டையை வெளியே எடுத்து, மடியில் போட்டு நிதானமாக மடித்தாள். மடிக்கும்போதே ஒரு மாதத்து அழுகையும் வந்தது.

"இது தெரியாம அவரை எவ்வளவு திட்டிட்டேன்" என்றாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். நடு ஏரி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"கயாக்கைப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் கெடந்திருக்காருன்னு மீட்புக்காரங்க சொன்னாங்களே அண்ணி. நீங்க கடை லைட்டை அணைச்சதை அவர் பார்த்திருப்பாரா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"பார்த்திருப்பான்மா" என்றாள்.