பாலத்துக்காரனின் குரல்

நாவலின் ஐந்தாம் பாகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் ஒலிப்புத்தகம் வாசிப்பவன். பதிவு தொடங்குவதற்கு முன் முழு நாவலையும் வீட்டில் ஒருமுறை படித்து, ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சுக்கும் ஒரு நிறப் பென்சிலால் கோடு போடுவேன். மன்னனுக்குச் சிவப்பு, சூனியக்காரிக்குப் பச்சை, பாலத்துக் காவல்காரன் ஓர்தானுக்குச் சாம்பல். முதல் பாகத்தில் அவனுக்கு மொத்தமே பதினோரு வரிதான். இந்தப் பாகத்திலோ, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சாம்பல் பென்சிலை மூன்று தடவை சீவிவிட்டேன்.

நாலு பாகமாக நல்லவனாகத்தான் வந்துகொண்டிருந்தான் பாவி. நூற்றெண்பதாம் பக்கத்தில் இருட்டுப் படைக்குப் பாலத்தைத் திறந்துவிட்டான். மிரட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில், ஊரை விட்டு ஓடிவரும் குழந்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, "நில்லு. யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று அன்பாகக் கேட்கிறான். கேட்க நாதியில்லாத பிள்ளைகளாகப் பார்த்து அக்கரைக்குத் தள்ளிவிடுகிறான். அக்கரையில் மீதிப் படை பசியோடு நிற்கிறது.

கதையில் யார் யாரைத் தின்றால் எனக்கென்ன? ஓர்தானின் குரல் என் மாமனாருடையது. அதுதான் வினை.

அலோய்ஸ் மாமா பித்தோம் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவர். கரித்தூசி தின்ற தொண்டை. சொல்லின் வாலை இழுத்து, நடுநடுவே ஓர் இருமலை வைத்துத்தான் பேசுவார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும், "வாயாலேயே பொழைக்கிற மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மறுநாள் ஒலிக்கூடத்தில் ஆத்திரம் அடங்காமல், அவர் குரலை இருமலோடு அப்படியே தூக்கி ஓர்தானுக்குக் கொடுத்தேன். பதினோரு வரிதானே என்று நினைத்தேன். அற்பத்தனம்தான், ஆனால் அன்றைக்கு இனித்தது.

அப்புறம் அவருக்குக் கண் போயிற்று. என் மனைவி யாத்விகா அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தாள். பொழுது போகாமல் என் பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தவர், நாலு பாகத்தையும் மூன்று தடவை கேட்டுவிட்டார். இப்போது மாடிப்படியில் போகிறவர்களை நிறுத்தி, "நம்ம மாப்பிள்ளை வாசிச்சது" என்று சொல்கிறார். கல்யாணமாகிப் பத்து வருஷம் என் பெயரைக்கூடச் சொல்லாதவர். அந்த மரியாதை போய்விடக் கூடாது.

ஒலிக்கூட இயக்குநர் இலோனாவுக்கு போன் போட்டேன்.

"ஓர்தான் குரலை மட்டும் மாத்திக்கலாமா?"

"பைத்தியமா உனக்கு? பாதிப்பேர் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்காங்க. பேசாம நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்து சேரு."

மீதிப் பக்கங்களைத் தாறுமாறாகப் புரட்டினேன். எங்காவது செத்துத் தொலைய மாட்டானா? கூட்டத்தில் ஒரு வீரனுக்காவது வாளை உருவத் தோன்றாதா? நானூறாம் பக்கத்தில் பாலத்தின் மேல் உட்கார்ந்து நிம்மதியாக சூப் குடிக்கிறான்.

"சாப்பாடு ஆறுது, வாங்க ரெண்டு பேரும்!" என்று யாத்விகா கூப்பிட்டாள்.

இறைச்சிச் சுருள், குழி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை, சிவப்பு முட்டைக்கோஸ். நான் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்பிள்ளை, படிச்சாச்சா? நம்மாளு எப்படி இருக்கான்?" என்றார் மாமா.

"யாரு மாமா?"

"பாலத்துக்காரன்தான், வேற யாரு? அந்த ராஜா பயலுங்கல்லாம் மேடையில பேசுற மாதிரி பேசுறானுங்க. மனுஷன் மாதிரி பேசுறவன் அவன் ஒருத்தன்தான்."

யாத்விகா என்னைப் பார்த்தாள். அது யார் குரலென்று அவளுக்கு முதல் பாகத்திலேயே தெரியும். அப்பாவுக்குப் புரியாது, விடு என்றிருந்தாள். அவள் சொன்னதும் சரிதான், தன் குரல் அடுத்தவர் காதில் எப்படி விழுகிறதென்று யாருக்குத் தெரியும்?

"ஹூபெர்ட் சொல்றான், அவன் என்னை மாதிரியே பேசுறானாம்." மாமா சிரித்தார், இருமினார். "வெடிச் சத்தத்துல அவன் காது எப்பவோ போச்சு."

ஹூபெர்ட் அவரோடு சுரங்கத்தில் இருந்தவர். தினமும் போன் பண்ணுவார். ஐந்தாம் பாகம் வெளிவந்த அன்றே, உன் குரலில் ஒருத்தன் பிள்ளைகளைத் தின்னக் கொடுக்கிறானென்று கெக்கலித்துச் சொல்லிவிடுவார். அதைவிட நானே சொல்வது மேல்.

"மாமா, ஹூபெர்ட் சொன்னது நெசம்தான். அது உங்க குரல். அன்னைக்கு உங்க மேல இருந்த கோவத்துல எடுத்துட்டேன்."

அவர் கை தட்டில் அப்படியே நின்றது.

"இந்தப் பாகத்துல அவன் ரொம்பக் கெட்டவனாயிட்டான் மாமா. பிள்ளைங்களைக் காட்டிக் கொடுக்கிறான். இப்படி ஆகும்னு நான் நெனைக்கல. மன்னிச்சிருங்க."

திட்டியிருந்தால் தேவலை. "அவன் பேசுறதை ஒரு தடவ போடு" என்றார். முதல் பாகத்தைப் போட்டேன். பதினோரு வரியையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். இந்தத் தடவை அவர் கேட்டது கதையை அல்ல.

"இவ்வளவு கரகரப்பாவா?" என்றார் மெதுவாக. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இதையா உங்கம்மா அத்தனை வருஷம் கேட்டுட்டிருந்தா?"

"எங்களுக்குப் பிடிச்ச குரல்ப்பா அது." யாத்விகா அழுதுவிட்டாள்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலால் தடவிப் பார்த்து, இருந்த உருண்டையைத் தின்று முடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாத்விகா, அந்த முட்டைக்கோஸைச் சற்று இந்தப் பக்கம் நகர்த்துகிறாயா?"

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, வால் இழுக்காமல், சுத்தமாக வந்தது. கதை வாசிக்கும்போது நான் பேசும் பேச்சு அது. நடுவில் வந்த இருமலை உதட்டை இறுக்கி உள்ளேயே அடக்கினார். முகம் செக்கச் சிவந்தது.

"அப்பா, ஏம்ப்பா இப்படிப் பேசுறீங்க?"

அவளுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பார்வையில்லாத கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இப்போது சரியாக இருக்கிறதா, மாப்பிள்ளை?"