மெழுகில் எழுதிய வார்த்தைகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இன்றைக்குப் பல் செட் செய்கிற ஒருத்தியின் கதை. ஊரார் வாய்க்கெல்லாம் பல் பொருத்தியவள், தன் வாய்க்கு இங்கிலீஷைப் பொருத்திக்கொண்ட கதை.

மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. கைவேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கணவன் கடல் தாண்டி, கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவன் இருக்கும் ஊரிலேயே ஒரு பல் கூடம் இவளை எடுத்துக்கொள்ளத் தயார். ஒரே நிபந்தனை, இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சுக்கு ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும். போன தடவை ஆறுதான் வந்தது. “மூன்று மாதம் பார்ப்போம், அதற்கு மேல் வேறு ஆள்” என்று அவர்கள் கறாராக எழுதிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று வருஷம் போனிலேயே குடித்தனம் நடத்தியவள் அவள். இந்த ஏழு அவளுக்கு வெறும் எண்ணா, சொல்லுங்கள்?

“வார்த்தை போதவில்லை, அதனால்தான் ஆறு” என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வாங்கினாள். கூடத்தில் பற்களை அளவு பார்த்து, நிறம் பார்த்து இழுப்பறைகளில் பிரித்து வைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி வார்த்தைகளைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்தாள். பெரிதாகவும் பளபளப்பாகவும் இருந்தவற்றை முதலில் அள்ளினாள். ஏழே வாரத்தில் தொள்ளாயிரம் வார்த்தை! கரைத்துக் குடித்துவிட்டாள் என்றால் கரைத்துக் குடித்துவிட்டாள்.

வீட்டில் கூட இருந்தவள் நாத்தனார். ஹோட்டல் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்க இங்கிலீஷில் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் வம்பு வளர்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே, “நான்தான் பரீட்சைக்காரி. உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க” என்றாள்.

பல்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். வீடு ‘மேக்னிஃபிசன்ட்’ என்றாள். சமையலறை ‘கொலாசல்’ என்றாள். அடுத்த வீட்டுக்காரர்கள் ‘பெனவலன்ட்’ என்று முடித்தாள்.

நாத்தனார் மடித்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“அண்ணி, நம்ம சமையலறையில ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் மூச்சை அடக்கணும். அது ராட்சச சைஸா?”

“புத்தகத்துல இருக்குடி.”

“புத்தகத்துல இருக்கு, வீட்டுல இல்லையே! பக்கத்து வீட்டுக்காரர் தண்ணிக் குழாய்க்கு உங்களோட போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுச்சு, அவர் கருணைக் கடலா?”

“சிரிக்காதே வாயாடி, தப்பு எங்கன்னு சொல்லு.”

“பல்லெல்லாம் ஜோரா இருக்கு அண்ணி. வாய்தான் மூட மாட்டேங்குது.”

பல்காரிக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. பல் செட்டை யாரும் எடுத்தவுடன் கெட்டியாகச் செய்துவிடுவதில்லை. முதலில் ரோஸ் நிற மெழுகில் பல்லைப் பதித்து, உரியவர் வாயில் வைத்து, பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். துருத்திக்கொண்டு நிற்கும் பல்லைப் பிடுங்கி மாற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் கெட்டிச் செட். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் மெழுகில் பார்க்காத ஒரு செட்டைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை. வார்த்தைகளை மட்டும் ஒன்றைக்கூட வாயில் வைத்துப் பார்க்காமல் அப்படியே பதித்திருக்கிறாள்!

“என்கிட்ட வேலை பார்க்கிற பொண்ணு இப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்” என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கூடத்தில் மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை எடுத்து, ஒன்றுக்கு ஒரு வார்த்தையாக ஊசியால் கீறினாள். கணக்கு ஒன்றுதான். அந்த வார்த்தையை நிஜமான ஆளிடம், நிஜமான காரியத்துக்கு, மூன்று தடவை சொல்ல வேண்டும். கேட்டவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் அந்தத் துண்டு பத்திரமாக ஒரு டப்பாவுக்குப் போகும். இல்லையென்றால் மெழுகு உருக்கும் சட்டிக்குப் போகும்.

பல் சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் அவர் போன் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாள். இப்போது அவளே பாய்ந்து எடுத்தாள். “பொட்டி நசுங்கியிருக்கு, நிறம் மங்கல், பாதி உடைசல்” என்று அவரை உண்டு இல்லை என்று பண்ணினாள். சாப்பாட்டு நேரத்தில் நாத்தனாருடன் இங்கிலீஷில் சண்டை. “சண்டைன்னா அண்ணிக்கு இங்கிலீஷ் அருவியாக் கொட்டுது” என்று அவள் சான்றிதழே கொடுத்துவிட்டாள். ‘கொலாசல்’ முதல் நாளே உருகிப் போயிற்று. தொள்ளாயிரத்தில் முந்நூற்றுச் சொச்சம் நின்றது. நின்றவை எல்லாம் அவள் வாய்க்கே முளைத்தவை மாதிரி.

பரீட்சை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, குரலைப் பதிவு செய்யும் கருவி. எதிரே டை கட்டிய தேர்வாளர் ஓர் அட்டையை நீட்டினார். ‘ஒரு வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய நேர்ந்ததைச் சொல்லுங்கள்.’

அவளுக்குப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். மூன்று தடவை செட்டைத் திருப்பிக் கொண்டுவந்த மனிதர். சரளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ‘பிடிவாதக்காரர்’ என்பதற்கான வார்த்தை சட்டென்று மறந்துவிட்டது. போன தடவை இப்படி ஒன்று மறந்தபோது வாயடைத்து உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை அவள் அசையவில்லை. கையில் இருந்ததை வைத்தே கட்டினாள். “நாம கேள்வியை முடிக்கிறதுக்குள்ள முடியாதுன்னு சொல்ற மனுஷர்” என்று இங்கிலீஷில் சொன்னாள். தேர்வாளர் உதடு பிரிந்து சிரித்துவிட்டார். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டார். அட்டையில் இல்லாத கேள்வி அது. மனுஷன் கதை கேட்கத் தயாராகிவிட்டான்! அவளும் விடவில்லை, மூன்றாம் தடவை செட் கச்சிதமாகப் பொருந்தி, தாத்தா கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றதுவரை சொல்லி முடித்தாள்.

பத்து நாள் கழித்து, மதியம், அவள் அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் ஹோட்டல் சீருடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் அண்ணியின் போன். காலையில் மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது.

“அண்ணி! வந்துடுச்சு!”

“நில்லு. இது இறுகறதுக்குள்ள ஊத்தி முடிக்கணும்.”

“உங்களுக்கு நெஞ்சே கிடையாதா?”

“இருக்கு. கைதான் காலியா இல்லை.”

நிதானமாக ஊற்றினாள். குமிழி நிற்காமல் அச்சைத் தட்டினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, “இப்ப சொல்லு” என்றாள்.

“ஏழரை!”

“அரை அதிகமா?” என்றாள், வாய் காதுவரை போக. “சரி, உங்க அண்ணனுக்குப் போன் போடு. வீட்டைப் பெருக்கி வைக்கச் சொல்லு, நான் வரேன்னு.”

அவ்வளவுதான் கதை. கேட்ட பிள்ளைகளே, உங்கள் வீட்டில் பிரிந்திருப்பவர்கள் சீக்கிரம் ஒரே கூரைக்கு வந்து சேரட்டும். உங்கள் வாசலுக்கு நல்ல சேதிகள் ஓடி வரட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் சிரிப்பு குறையாமல், குடும்பம் குட்டியோடு நன்றாக இருங்கள்.